பட்டியலில் இல்லாத மரம்

பாரத்தில் அச்சிட்டிருந்த ஊர்ப்பெயர் பெஸ்தாரி ஜெயா.
வந்தவர்களில் பாதிப்பேர் அதை அடித்துவிட்டு
பத்தாங் பெர்ஜுந்தை என்று எழுதினார்கள்.
நான் திருத்தவில்லை.
சோதனை அங்கேயே தொடங்கிவிட்டது.

பாலாய் ராயாவில் பன்னிரண்டு நாற்காலி.
ஆளுக்கு இருபது வெள்ளி, ஒரு பெட்டி மைலோ.
பட்டியலை நான்தான் வாசித்தேன்,
சொல்லுக்கு இரண்டு வினாடி,
வங்கியில் எண் கூப்பிடுகிற குரலில்:

பால். உளி. மங்கு. பட்டை. வாளி.
வேர். நிழல். இலை. கொட்டை. கிளை.
காண்டா. நிரை. கோட்டுப்பால்.

பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னோம்.
பிறகு, நினைவில் நிற்பதை எழுதுங்கள் என்றோம்.

ஒன்பது பேர் 'மரம்' என்று எழுதியிருந்தார்கள்.
மரம் என்று நான் சொல்லவே இல்லை.
அஞ்சலகத்தில் வேலை பார்த்த மாசிலாமணி
தாளை விரலால் தட்டினார்:
"நீ சொன்னே. மங்குக்கு அப்புறம் சொன்னே.
சொல்றதுக்கு முந்தி இருமினே."
இருமியது உண்மைதான்.

சுற்றி நிற்பதை எல்லாம் சொல்லிவிட்டு
நடுவில் நிற்பதை விட்டுவிட்டால்
மனசு சும்மா இருப்பதில்லை,
காலி இடத்துக்கு யாரையாவது கூட்டிவந்து உட்கார வைக்கிறது.
டாக்டர் ஹஸ்லினா இதை ஒரு வரைபடமாகப் போடுவார்.
இந்த ஊரில் மரம் என்றால் ஒரே மரம்தான்,
அதைச் சாய்த்துச் செம்பனை நட்டு முப்பது வருடம்,
இது வரைபடத்தில் எங்கே வரும்?
நான் கேட்கவில்லை.

இரண்டாவது சோதனை கொஞ்சம் பொல்லாதது.
உடன்பிறந்தவரிடம் கேட்டு வாங்கிய மூன்று உண்மைக் கதைகள்,
நாங்களாகக் கட்டிய ஒன்று:
ஐந்து வயதில், பத்துமலைக் கூட்டத்தில்
நீங்கள் காணாமல் போனீர்கள்.

செம்பனைக் குலை லோரி ஓட்டுகிற அர்ச்சுணன்
முதல் நாள், "அப்படி ஒண்ணும் இல்லலா" என்றார்.
அடுத்த முறை, "கூட்டம் மட்டும் தெரியுது."
மூன்றாம் முறை
கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மலாய்ப் போலீஸ்காரர் வந்தார்.
ஐஸ் உருண்டை வாங்கிக் கொடுத்தார்.
சிவப்புப் பாகு முழங்கை வரை வழிந்தது.
செருப்பில் ஒன்று காணவில்லை, அதுவும் சிவப்பு.
எனக்கு ஒரு பக்கம் போதவில்லை.

கட்டியதை அவிழ்க்க ஒரு நாள் உண்டு.
நெறிமுறைத் தாளில் உள்ளபடியே சொன்னேன்:
அது நடக்கவில்லை, எழுதியது நாங்கள்.
அவர் கோபப்படவில்லை.
முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.
"அப்ப இந்த இனிப்பு யாரோடது?"

அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை.

பதினோரு நாள் கழித்துக் கிள்ளானிலிருந்து ஓர் அழைப்பு.
அவருடைய அக்கா தேவகுமாரி.
மூன்று உண்மைகளைக் கொடுத்தவர்,
தம்பி எங்கும் தொலைந்ததில்லை என்று
கையெழுத்துப் போட்டவர்.

"கைய விட்டது நான்தாம்மா.
அப்பா அடிப்பாருன்னு யாருகிட்டயும் சொல்லல.
ஆனா செருப்பு நீலம்.
அவன் சிவப்புன்னா சொன்னான்?"

தம்பி சொன்ன பிறகு ஞாபகம் வந்ததா,
முன்பே இருந்ததா என்றேன்.
அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.
"அத எப்படிம்மா தனியா பிரிக்கிறது?"

டாக்டர் ஹஸ்லினா அர்ச்சுணனை நீக்கிவிடச் சொன்னார்.
நீக்கினேன். எண் ஏழு இப்போது வெற்று வரி.

இரவு, வாடகை அறையில்,
முதல் வாரப் பதிவைத் திரும்ப ஓடவிட்டேன்.
பால். உளி. மங்கு.
பிறகு என் இருமல்.
பட்டை.

அந்த இருமலைப் பின்னோக்கி இழுத்து
மறுபடி கேட்கிறேன்,
கொஞ்சம் சத்தம் கூட்டி.